உப்புக்காரி மகளும் ஸ்பெஷல் பீடாவும்

என் அம்மா திண்டிவனத்தில் தெருத்தெருவாக உப்பு விற்றவள். மரக்காணத்திலிருந்து மாட்டுவண்டியில் வரும் உப்பை வாங்கி, கூடையில் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள் என்றால், அவள் போடும் சத்தம் ரயிலடி வரைக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் அரிசி இல்லாத நாள் உண்டு, உப்பு இல்லாத நாள் கிடையாது. அதனாலோ என்னவோ, சமையலில் என் கை கொஞ்சம் தாராளம். மற்ற பெண்கள் உப்பைக் கிள்ளிப் போட்டால் நான் அள்ளிப் போடுவேன். அம்மா வீட்டில் இருந்தவரை அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அம்மாவுக்கும் அதே கைதான்.

என்னைக் கட்டிக்கொண்டவர் விழுப்புரம் ஜங்ஷனில் ஃபயர்மேன். ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் ஒலக்கூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர்கள். அந்தக் குடும்பத்தில் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் இவர்தான். அந்தச் சட்டையை நான் துவைத்துக் காயப்போட்டால், போகிற வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி முன்பக்கத்துக் கொடியில் மாட்டச் சொல்வார். எனக்கும் அந்தப் பெருமை பிடித்துத்தான் இருந்தது.

கல்யாணமான மறு வாரமே சண்டை ஆரம்பித்தது. முதல் கவளம் வாய்க்குள் போன உடனே குரல் கிளம்பும்.

"ஏய் உப்புக்காரி மவளே! உங்கம்மா கூடையை அப்படியே கவுத்துட்டியா?"

"கரி அள்ளுற கைக்கு இந்த உப்பு இல்லாட்டி தெம்பு வராது. துன்னுய்யா பேசாம."

ரயில்வே லைன் வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒற்றைச் சுவர்தான். எங்கள் சண்டை கேட்காமல் அந்த வரிசையில் ஒருத்தரும் சாப்பிட்டு எழுந்ததில்லை. கத்துவாரே தவிர, தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கித் தின்றுகொண்டே திட்டுவார். சாப்பிட்டு முடித்ததும் நான் வெற்றிலை மடித்து வாயில் வைக்க வேண்டும். அதற்கு மட்டும் குறை சொல்லமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் என்பதை அந்த நேரத்தில்தான் நினைத்துக்கொள்வேன். மற்ற நேரமெல்லாம் சண்டைக்கே சரியாக இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்திய காலம் அது. எஞ்சின் ஷெட்டில் ஆள் போதவில்லை. ஒரு டூட்டி முடித்து இறங்குகிற ஆளை மறுபடியும் ஏறச் சொன்னார்கள். இவர் வீட்டுக்கு வருவதும் போவதும் நேரங்கெட்ட நேரமாகிவிட்டது. அப்படி ஒரு நாள் மத்தியானம் வந்து உட்கார்ந்தவருக்குக் காராமணிக் குழம்பு ஊற்றிவிட்டு, பதில் பேச்சைத் தயாராக நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் வாயே திறக்கவில்லை. பிசைந்தார், தின்றார், கை கழுவினார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆகா, கைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, "உன் மருமவன் இப்பல்லாம் ஒரு சொல்லு சொல்றதில்ல தெரியுமா?" என்று சொல்லிப் பூரித்துப்போனேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழம்பு வைக்கச் சொல்லித்தரக்கூட ஆரம்பித்தேன். அவள் என் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, கடல் தண்ணி மாதிரி இருக்குது?" என்றாள்.

பொறாமை பிடித்தவள், என் புருஷன் வாயடைத்துத் தின்பதைப் பார்த்து வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு விஷயம் நெருடியது. வெற்றிலை மடித்துக்கொண்டு போனால் கையைத் தள்ளிவிட்டார்.

"வாணாம் புள்ள. ஸ்டேஷன்லயே போட்டுக்கினு வந்துட்டேன்."

எந்த நேரம் வந்தாலும் வாய் சிவந்துதான் இருந்தது. வெற்றிலை மடித்துக் கொடுப்பது பெண்டாட்டி உரிமை. அதை வேறு எவளோ பிடுங்கிக்கொண்டாள் என்று என் புத்தி போயிற்று. புத்தி அந்தப் பக்கம் போன பிறகு பார்க்கிறதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரிந்தது. ஆள் இளைத்துக்கொண்டே போனார். காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. சோற்றில் பாதியை ஒதுக்கினார். படுத்தால் தூக்கம் கிடையாது. கண்மணி பெரிதாக, கறுப்பாக விரிந்துகிடந்தது. சில நேரம் நிறுத்தாமல் பேசுவார். அடுத்த வருஷம் டிரைவர் ஆகிவிடுவாராம், ஒலக்கூரில் நிலம் வாங்குவாராம், எனக்கு ஒட்டியாணம் செய்து போடுவாராம். சில நேரம் அடிபட்ட நாய் மாதிரி மூலையில் சுருண்டு கிடப்பார். இதெல்லாம் எவள்மேலோ வந்த மயக்கம் என்றுதான் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எறும்பு விஷயம்தான் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. கையில் எறும்பு ஊர்கிறது என்று சொறிந்தார். பாயை வெயிலில் போட்டேன், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். "மேல இல்ல புள்ள, தோலுக்கு உள்ளார ஊருது" என்றார். முழங்கையில் ரத்தம் வரும்வரை நகத்தால் கீறினார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று எங்கள் வீட்டை நோட்டம் பார்க்கிறார்கள் என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தார். அங்கே ஒரு கழுதைகூட இல்லை. கள்ளத்தனம் செய்கிறவனுக்குக் காண்கிறதெல்லாம் பயம் என்று நான் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தேன்.

அந்தச் சக்களத்தியைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று ஒரு நாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். ஸ்டேஷனுக்கு வெளியே குதிரைவண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு வெற்றிலைக் கடை. ஒரு வண்டி மறைவில் நின்று பார்த்தேன். கடையில் பொம்பளை யாரும் இல்லை. எலும்பும் தோலுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முன்னால் அடுக்கியிருந்த வெற்றிலையைத் தொடாமல், ஈரச்சாக்குக்கு அடியிலிருந்து இரண்டு பீடா எடுத்துக் கொடுத்தான். இவர் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார், இன்னொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் நேரே கடைக்குப் போனேன்.

"எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்தியே, அதுல எனக்கு ஒண்ணு குடு."

"அது பொம்பளைங்களுக்கு இல்லம்மா," என்றான் அவன். "டூட்டிக்காரங்களுக்கு. ஸ்பெஷல் பீடா. போட்டா தூக்கம் அண்டாது."

அவன் பேசும்போதுதான் பார்த்தேன். பல்லும் நாக்கும் வெற்றிலைச் சிவப்பாக இல்லை. கன்னங்கரேல் என்று இருந்தன.

சாயந்திரம் அவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். பையில் இன்னொரு பீடா வாடிக் கிடந்தது. நான் மடிக்கிற வெற்றிலையைவிட இதில் அப்படி என்ன ருசி, பார்த்துவிடுவோமே என்று எடுத்து வாயில் போட்டு மென்றேன். இன்னொருத்திமேல் பொறாமைப்பட்ட பெண்டாட்டி உண்டு. பீடாமேல் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் ஒரு கசப்பு. சுண்ணாம்பு வேறு அதிகம். வாய் வெந்துபோகும் என்று துப்பப் போனேன். அதற்குள் எரிச்சல் நின்றுவிட்டது. நாக்கு நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். உதடும் கன்னமும் இருக்கிற இடமே தெரியவில்லை. நெஞ்சு கூட்ஸ் வண்டி பாலத்தில் போகிற மாதிரி தடதடவென்று அடித்தது. ஆனாலும் பயமே வரவில்லை. மலையைப் புரட்டிவிடலாம் போல ஒரு தெம்பு. வீட்டில் இருந்த பாத்திரம் அத்தனையையும் இழுத்துப் போட்டுத் துலக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தாமல் பேசினேன். அவள் ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

பேசிக்கொண்டே அடுப்பில் கொதித்த குழம்பை உப்புப் பார்க்க ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு கை உப்புப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு கை போட்டேன். ஈரத்துணியைச் சப்புகிற மாதிரி இருந்தது.

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். என் கைக்கு ஒரு பக்குவமும் வரவில்லை. அவர் நாக்கு செத்துப்போயிருந்தது. நான் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்த அத்தனை நாளும், அந்த மனுஷர் என்ன தின்கிறோம் என்றே தெரியாமல் என் எதிரில் உட்கார்ந்து தின்றிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் தெம்பெல்லாம் வடிந்தது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. விளக்கு ஏற்றக்கூட மனம் இல்லை. அப்போது என் மனதில் ஓடிய ஒரு நினைப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு பீடா இருந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. பையில் ஒன்றுதானே வைத்திருந்தார், இரண்டு வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அடி பாவி, ஒரே ஒரு தடவைக்கே உனக்கு இந்த ஆசை என்றால் இத்தனை நாளாக மெல்லுகிறவர் கதி என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே பாதி போய்விட்டது.

குளித்துவிட்டு வெளியே போனவர் இருட்டிய பிறகு திரும்பி வந்ததும் கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். நான் தின்று பார்த்ததைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது.

"நீ எதுக்குடி அதைத் துன்ன?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு கீழே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "டூட்டி மேல டூட்டி. கண்ணு சொக்கிக்கினு போச்சு. கடைக்காரன்தான் சொன்னான், இதுல தம்மாத்தூண்டு வெள்ளைத் தூளு வச்சிருக்குது, கொக்கேன்னு பேரு, ஒண்ணும் பண்ணாதுன்னு. மொதல்ல பறக்கிறாப்பல இருந்திச்சு. இப்ப அது இல்லாட்டி நிக்கவே முடியலை புள்ள. கரி அள்ளுற சவலைத் தூக்க முடியலை."

"இனிமே தொடாத மாமா."

"தொடமாட்டேன். மயிலம் முருகன் மேல சத்தியம்."

சத்தியம் பண்ணினபோது மனதாரத்தான் பண்ணினார். அந்த வாரம் தாண்டவில்லை. மறுபடியும் வாய் சிவந்தது. இந்தப் பேஜாருக்கு முருகன் என்ன செய்வார், பாவம்.

அப்புறம் ஒரு மத்தியானம் வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. அவர் எஞ்சினில் டிரைவராக இருந்த பெரியவர் இறங்கினார். ஆங்கிலோ இந்தியர், எங்கள் பக்கத்தில் சட்டைக்காரர் என்போம். வண்டிக்குள் என் வீட்டுக்காரர் சாய்ந்து கிடந்தார். முகத்தில் ரத்தமே இல்லை, வியர்வை ஆறாக ஓடியது.

"எம்மா, உன் மேன் எஞ்சின்லே விழுந்துட்டான்," என்றார் பெரியவர். "நெருப்புக் கதவு தொறந்து கெடக்குது, அதுக்கு நேரா விழறான். நான் சட்டையைப் புடிச்சு இழுத்தேன், இல்லாட்டி போயிருப்பான். நெஞ்சுலே கை வச்சுப் பாரு, எப்படி அடிக்குதுன்னு."

வைத்துப் பார்த்தேன். சட்டைக்குள் ஏதோ மாட்டிக்கொண்டு தப்பிக்கத் துடிக்கிற மாதிரி இருந்தது.

"காய்ச்சல்னு சொல்லி லீவ் வாங்கித் தர்றேன். இவன் என் புள்ளை மாதிரி. நல்லாயி வந்தா வரட்டும். இப்படியே வந்தா என் எஞ்சின்லே ஏத்தமாட்டேன். ஏத்தினா கொன்னதா ஆயிடும்."

மறுநாள் காலைப் பாசஞ்சரில் அவரைத் திண்டிவனத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். முண்டியம்பாக்கத்தில் தெரிந்த போர்ட்டர் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்தார். இவர் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டார். கொடியில் சட்டையை முன்பக்கமாக மாட்டச் சொன்ன மனுஷர்.

திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். என் அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்தபோது ஆபரேஷன் செய்து பார்வை கொடுத்தவர். அம்மா அவரைச் சாமி கணக்காகக் கும்பிடுவாள். இவரை வாயைத் திறக்கச் சொன்னார். ஈறு வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது. சுண்ணாம்பு பட்டுப் பொத்துப்போவது மரத்த வாய்க்குத் தெரியவே தெரியாது என்றார். நாடி பிடித்தார், கண்ணைப் பார்த்தார், முழங்கைப் புண்ணைப் பார்த்தார்.

"பீடாவா?" என்று மட்டும் கேட்டார். இவர் தலையை ஆட்டினார்.

"உங்க அம்மாவுக்குக் கண்ணு அறுக்கிறப்போ வலி தெரியாம இருக்க ரெண்டு சொட்டு விட்டேனே, அதே மருந்துதான் இது," என்று என்னிடம் சொன்னார். "கொக்கேன். நாங்க அளந்து விடுறோம். அளவில்லாம தினம் உள்ளே போச்சுன்னா ரத்தக்குழாயெல்லாம் சுருங்கிடும், இதயம் தறிகெட்டு ஓடும். ஓடிக்கிட்டே இருந்து ஒரு நாள் நின்னுடும். வலிப்பு வரலாம், மூளையில ரத்தம் கசியலாம். வயசு, உடம்பு வலு, எதையும் அது பார்க்காது."

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுன்னு சொல்றாருங்களே?"

"தோல்ல எறும்பு இல்லம்மா. மூளை அப்படி நம்ப வைக்குது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் நிக்கிறதா சொல்லியிருப்பாரே?"

எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவர் மாதிரி சொன்னார். மருந்து எழுதிக் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"புண்ணுக்குத் தர்றேன். இந்த ஆசைக்கு எங்கிட்ட மருந்து இல்லை. நிறுத்தினதும் நல்லாத் தூங்குவார், தூங்கட்டும். பசிக்கும், போடுங்க. அதுக்கப்புறம்தான் கஷ்டம். எதுலயும் பிடிப்பில்லாம, செத்துடலாமான்னு இருக்கும். தனியா விடாதீங்க. அந்தக் கடை இருக்கிற ஊர்ப்பக்கம் இப்போ போகவே கூடாது."

"நாக்கு திரும்பி வருங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "புண்ணு ஆறினா வந்துடும். அதுக்கப்புறமும் ருசி தெரியலைன்னா, எங்கேயோ வாங்கிப் போட்டுக்கிறார்னு அர்த்தம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அம்மா ஒரு சொல் திட்டவில்லை. "என் கண்ணைத் தொறந்த மருந்தா என் மருமவனைச் சாய்ச்சது?" என்று அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். டாக்டரம்மா சொன்னபடியே எல்லாம் நடந்தது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். எழுந்து பஞ்சத்தில் அடிபட்டவர் மாதிரி தின்றார். மறுபடி தூங்கினார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டுக் கேட்டு ஒரு நாள் வாயைத் திறந்தவர், "என்னை வுட்டுடு புள்ள, நான் இனிமே ஒண்ணுத்துக்கும் ஆவமாட்டேன்" என்றார். இன்னொரு நாள், ஒண்ணே ஒண்ணு வாங்கித் தா என்று என் காலைத் தொட வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

ஆளைத் தனியாக விடக் கூடாது என்பதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"எந்திரிப்பா. எனக்குத் தலை கனம் தாங்கலை. கூடையை நீ தூக்கு," என்றாள்.

அவள் தலைக்கு ஒரு கேடும் இல்லை. எஞ்சினில் நின்ற மனுஷர் மாமியாருக்குப் பின்னால் உப்புக்கூடை சுமந்துகொண்டு திண்டிவனத்துத் தெருவெல்லாம் நடந்தார். ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா அத்தை, மருமவனை உப்பு விக்க வச்சிட்டே?" என்று கேட்டார்கள். அம்மா அலட்டிக்கொள்ளாமல் படி அளந்து போட்டாள். கொஞ்ச நாளில் அவரும் அடிக்குரலில் "உப்பு" என்று சொல்ல ஆரம்பித்ததாக அம்மா வந்து சொன்னாள். தெருவில் இருந்த பூனைக்குக்கூடக் கேட்டிருக்காதாம். இருந்தாலும் அம்மாவுக்குச் சந்தோஷம்.

நான் காத்திருந்தது வேறு ஒரு சத்தத்துக்கு. சோற்றைப் போட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். தின்பார், எழுந்துவிடுவார்.

"எப்படி இருக்குது மாமா?"

"நல்லாருக்குது."

வாய்ப்புண் ஆறியது. கன்னத்தில் சதை பிடித்தது. எறும்பு நின்றுவிட்டது. நாக்கு மட்டும் திரும்பவில்லை. நான் உப்பைக் கூட்டினேன். நல்லாருக்குது என்றார். இன்னும் கூட்டினேன். உப்பிலேயே வளர்ந்த என் அம்மாவாலேயே அதைத் தின்ன முடியவில்லை. அவள் கூழும் மிளகாயும் போதும் என்று ஒதுங்கிவிட்டாள். இவர் தட்டைக் காலி செய்துவிட்டு நல்லாருக்குது என்றார். டாக்டரம்மாவின் கடைசி வாக்கியம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கே வாங்குகிறார்? யார் கொடுக்கிறார்கள்? துணி மூட்டையை உதறிப் பார்த்தேன், கூரையைத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் அம்மா மட்டும் கூடையோடு திரும்பி வந்தாள்.

"ரயிலடிப் பக்கம் போனாரு. இதோ வர்றேன் அத்தைன்னு சொன்னாரு," என்றாள். சொல்லும்போதே அவள் குரல் தடுமாறியது.

விழுப்புரம் போகிற வண்டி அந்த நேரத்துக்குத்தான் வரும். ரயில்காரருக்கு டிக்கெட் வேண்டாம், தெரிந்த முகம் போதும். வண்டி ஊதிக்கொண்டு கிளம்பிய சத்தம் வீட்டுக்கே கேட்டது. எல்லாம் போயிற்று என்று நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் சாயும் நேரத்துக்கு ஆள் வந்து நின்றார். கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். நான் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். ஒரு கவளம், இரண்டு கவளம், மூன்று கவளம். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ, கரண்டியைத் தூக்கி எறிந்தேன்.

"யோவ்! நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் துன்றியா? எங்கயா போயி போட்டுக்கினு வந்த? எனக்கும் எங்கம்மாவுக்கும் தெரியாம எத்தினி நாளா நடக்குது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்மணி சின்னதாக, சாதாரணமாகத்தான் இருந்தது. ஆத்திரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

"எதையும் போடலை. வண்டில ஏறலாம்னுதான் போனேன்," என்றார் மெதுவாக. "நம்ம டிரைவர் எஞ்சின்தான் வந்திச்சு. வேற ஒருத்தன் கரி போட்டுக்கினு இருந்தான். பெரியவரு என்னைப் பார்த்துட்டு, இன்னிக்கு வாணாம்டா, நல்லா குணமாயி வான்னு கையைக் காட்டினாரு. வண்டி போற வரைக்கும் நின்னு பார்த்துட்டு, அங்கயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு வந்தேன்."

"பொய்யி. அப்ப உனக்கு ஏன் இன்னும் ருசி தெரியலை?"

"யாரு சொன்னா தெரியலைன்னு?" கையில் இருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "இதோ இந்தக் குழம்பை வாயில வக்க முடியலை. நேத்து ரசம், ஒரே உப்பு. முந்தாநேத்து கருவாடு. கருவாட்டுல உப்பு இல்லாததா, அதுல இன்னொரு கை அள்ளிப் போட்டிருந்த. அதுக்கு மொத நாளு கீரைல உப்பே இல்ல, போட மறந்துட்ட. ஞாயித்துக்கிழமை பருப்பு..."

"ஆமாண்டி," என்றாள் அம்மா வாசல் பக்கத்திலிருந்து. "அன்னிக்குக் கீரைல நீ உப்பே போடல. அது ஒண்ணைத்தான் நான் துன்னேன்."

நான் போட மறந்தது எனக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. மாதக்கணக்கில் செத்துக் கிடந்த நாக்கு உயிர்த்து எழுந்து, நான் செய்த ஒவ்வொரு பாவத்தையும் ஒன்று விடாமல் நினைவு வைத்திருந்தது.

"தெரிஞ்சா சொல்றதுக்கு இன்னா? வாயில இன்னா இருக்குது கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது? நீ நாயா ஒழைக்கிற. அத்தை கூடை தூக்கிப் போடற சோறு. நான் குத்தம் சொல்ற ஆளா?"

"சொல்லணும். தினமும் சொல்லணும். நீ சொல்லாட்டி எனக்கு எப்படியா தெரியும், நீ இருக்கிறியா இல்லையான்னு?"

அம்மா உள்ளே வந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தெரு நாய்க்கு வைத்தாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதைப் பார்த்து மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததைப் பார்த்து நான் மறுபடியும் அழுதேன்.

முழுதாகக் குணமாகிவிட்டார் என்று பொய் சொல்லமாட்டேன். அந்தத் தூள் நெஞ்சில் ஏதோ ஒன்றைக் கெடுத்துவிட்டுத்தான் போயிருந்தது. பிற்பாடு சத்தியத்தை மீறினதற்கு மன்னிப்புக் கேட்க மயிலம் போனபோது, பாதிப் படியில் உட்கார்ந்து மார்பைத் தேய்த்துக்கொண்டார். கரி அள்ளுகிற வேலைக்கு இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், பெரியவர் யார் யாரிடமோ சொல்லி ஷெட்டிலேயே எஞ்சின் துடைக்கிற வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். விழுப்புரம் திரும்பியபோது அந்த வெற்றிலைக் கடை மூடிக்கிடந்தது. தானும் அதே பீடாவை மென்றுகொண்டிருந்த கடைக்காரன் ஒரு நாள் வியாபாரத்தில் உட்கார்ந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டானாம். அவன் நாக்கு திரும்பிவிட்டதா என்று கேட்க அவன் வீட்டில் ஒருத்தரும் இல்லை போலிருக்கிறது. அவனுக்காகவும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் இதெல்லாம் அப்புறம் நடந்தவை. அன்றைக்கு அழுது சிரித்து முடித்து, மறுநாள் காலை நான் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா அவருக்கு நான் கரைத்து வைத்த கேப்பைக் கூழைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே லோட்டாவை நங்கென்று தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏய் உப்புக்காரி மவளே!"

தெருவுக்கே கேட்டிருக்கும். கையில் இருந்த சாம்பலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இதோ வர்றேன்யா என்று ஓடினேன்.